காசு கொடுத்தாயிற்று, மெட்டு யாருடையது?

கீழக்கரைப் பக்கமிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். ஊர்ப்பெயர், தன் பெயர், கேமின் பெயர் எதுவும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், விட்டுவிட்டேன். நீளமான கடிதம். சாரம் இது.

நண்பர்கள் நான்கு பேர், வேலைக்குப் போய்வந்த மிச்ச நேரத்தில், கம்ப்யூட்டரில் விளையாடும் மாயக்கதை கேம் ஒன்றைத் தொடராகச் செய்துவருகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அதில் 21 ராஜ்ஜியங்கள். கடல்பசு பேசும். புயலில் மூழ்கிய ஊர் ஒன்றில், கடலுக்கடியில் இன்னும் சந்தை கூடும். முதல் பாகம் 2021-லும் இரண்டாம் பாகம் 2023-லும், கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீமில் வெளிவந்தன. இரண்டுக்கும் இசையும், 'தீம்' என்கிற முக்கிய மெட்டும் போட்டவர் அதே தெருவைச் சேர்ந்த கீபோர்டு கலைஞர். நால்வரும் அவரை 'காக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அந்தப் பக்கத்தில் அண்ணன் என்று பொருள். அவருக்கு மொத்தம் 65,000 ரூபாய், தவணை தவணையாக ஜிபேயில் போயிருக்கிறது. காகிதத்தில் ஒரு வரி இல்லை. காக்கா இப்போது சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குகளில் மும்முரம். மூன்றாம் பாகத்துக்கு ஆறு மாதமாக ஒரு டிராக் கூட வரவில்லை. வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது: "தாராளமா பாருங்க. ஆனா என் தீம் மியூசிக்கை யாரும் தொடக்கூடாது."

அந்த இடத்துக்கு இப்போது மூன்று வழிகள் கையில் இருக்கின்றன. சென்னையில் ஓர் அனுபவசாலி. 4 லட்சம் கேட்கிறார், 'எல்லா உரிமையும் எழுதித் தந்துவிடுகிறேன்' என்கிறார். ராமநாதபுரத்தில் ஒரு பள்ளி இசை ஆசிரியை; இரண்டாம் பாகத்தை விளையாடிவிட்டுத் தானாகவே ஒரு டியூன் அனுப்பியவர், கேமுக்கு இசை போட்ட அனுபவம் இல்லை. மூன்றாவது, எழுதிக் கேட்டால் இசை செய்து தரும் ஏஐ சேவை. கேள்விகள்: "காசு கொடுத்து வாங்கிய தீம் எங்களுடையதுதானே? நாலு ஸ்வரத்தை மாற்றிவிட்டால் சிக்கல் இல்லைதானே? மூன்றில் எதை எடுக்கலாம்? ஆள் மாறினால் பழைய ரசிகர்கள் போய்விடுவார்களா?"

தம்பி, மூன்றாவது கேள்விக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு அரை வரி. நான் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். பழையவரோடு கணக்கு முடியாமல் புதியவரை உட்கார வைத்தால், பிறகு வருகிற நோட்டீஸில் அவர் பெயரும் சேர்ந்து இருக்கும்.

பணம் போனது, உரிமை வரவில்லை

காசு கொடுத்து வல்லம் (மீன்பிடி படகு) வாங்கினால் வல்லம் உங்களுடையது. மெட்டுக்கு அந்தக் கணக்கு ஓடாது. 1957-ம் வருடத்துக் காப்பிரைட் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஓர் இசைப் படைப்பின் முதல் உரிமையாளர் அதை இயற்றியவர்தான். மாதச் சம்பளத்துக்கு உங்களிடம் ஊழியராக இருந்து, அந்த வேலையாகவே போட்டுத் தந்திருந்தால் கதை வேறு. காக்கா உங்கள் ஊழியர் இல்லை. கல்யாணக் கச்சேரி இல்லாத நாட்களில் தன் வீட்டு மாடியில், தன் கீபோர்டில் போட்டுத் தந்தவர். உரிமை கைமாற வேண்டுமென்றால் 19-வது பிரிவுப்படி எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். "ஓகே மச்சான், எடுத்துக்க" என்ற வாட்ஸ்அப் வரி அந்த இடத்தை நிரப்பாது.

சட்டத்தில் வீடியோ கேம் என்று தனியாக ஒரு வகை இல்லை. சூழ்நிலையைப் பொறுத்து கம்ப்யூட்டர் புரோகிராமாகவும் திரைப்படம் போன்ற ஒன்றாகவும் வைத்து வாதாடுவோம். 'சினிமா மாதிரிதானே, தயாரிப்பாளருக்குத்தானே எல்லாம்' என்று உங்கள் நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1977-ல் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2012-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். படத்துக்குள் போனாலும் இசையமைப்பாளரின் உரிமை போகாது என்று இப்போது 17-வது பிரிவிலேயே இருக்கிறது. நண்பரின் தகவல் பழையது.

அதற்காக வெறுங்கையோடு நிற்கிறீர்கள் என்று பயப்பட வேண்டாம். முதல் இரண்டு பாகங்களில் அந்த இசையைப் பயன்படுத்த அவர் சம்மதித்தார் என்பதற்கு உங்கள் சாட் இருக்கிறது, பணம் போன விவரம் இருக்கிறது, அவர் மகிழ்ந்துபோய்த் தன் ஸ்டேட்டஸில் வைத்த டிரைலர் இருக்கிறது. அதை வைத்து அந்த இரண்டையும் காப்பாற்றலாம். அந்தச் சம்மதத்தை இழுத்துப் பிடித்து மூன்றாம் பாகத்துக்கும் போர்த்த முடியாது. அதிலும் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தபிறகு, 'தெரியாமல் செய்துவிட்டோம்' என்று சொல்லவும் வழியில்லை. தெரிந்தே மீறினால் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. நான் பயப்படுவது வழக்குக்கு அல்ல, ஒரே ஒரு ஈமெயிலுக்கு. 'என் இசை அனுமதியில்லாமல் இருக்கிறது' என்று அவர் ஸ்டீமுக்கு முறைப்படி எழுதினால், வெளியீட்டு வாரத்தில் உங்கள் கடைப்பக்கம் இறங்கிவிடலாம். பிறகு நீங்கள் வழக்கில் ஜெயித்தாலும் அந்த வாரம் திரும்பி வராது.

நாலு ஸ்வரம் மாற்றும் வித்தை

எட்டு நொடி வரை எடுக்கலாம், நாலு ஸ்வரம் மாற்றினால் போதும், இதெல்லாம் ரெக்கார்டிங் தியேட்டர் டீக்கடையில் பிறந்த சட்டங்கள். எந்தப் பிரிவிலும் அப்படி ஒரு எண்ணிக்கை இல்லை. நாடகத்தைப் பார்த்துப் படம் எடுத்ததாக வந்த ஒரு வழக்கில், 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்தான் இன்றும் கைகொடுக்கிறது: இரண்டையும் பார்த்த சாதாரண ஆளுக்கு, இது அதன் நகல்தான் என்று சந்தேகமில்லாமல் தோன்றுகிறதா? உங்கள் ரசிகர் ஒருவர் ஹெட்போனை மாட்டி, "அட, இது அந்தப் பழைய தீம்தானே" என்று சொன்னால் கதை முடிந்தது. நீங்கள் விரும்புவதும் அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதானே? பழசை நினைவூட்டத்தானே அந்தத் தீமே வேண்டும் என்கிறீர்கள்!

ஆனால் இங்கே உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது. கடிதத்தில் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. காக்கா அந்தத் தீமை ஆனந்தபைரவி சாயலில் போட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனந்தபைரவி யாருக்கும் சொந்தமில்லை. தாளநடை, வாத்தியத் தேர்வு, உடுக்கையும் சங்கும் சேர்த்து ஒலிக்கவிடுகிற யோசனை, பின்னால் அலைச்சத்தம் வைக்கிற பாணி, எதுவும் தனியொருவர் சொத்து ஆகாது. அவர் கோத்த அந்த ஸ்வரவரிசை மட்டும்தான் அவருடையது. புதியவர் அதே ராகத்தில், அதே சங்கோடு வேறு மெட்டுக் கட்டலாம். கேட்பவருக்கு அதே கடற்கரையில் நிற்கிற உணர்வு வரும், திருட்டு ஆகாது. ஒரு முன்ஜாக்கிரதை மட்டும்: பழைய டிராக்கைக் கொடுத்து 'இதே மாதிரி' என்று புதியவரிடம் மெசேஜ் அனுப்பாதீர்கள். நாளைக்கு அந்த மெசேஜ்தான் முதல் ஆவணமாக வரும்.

அம்பாப் பாட்டு விஷயம்

இது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வருகிறது. என்னைச் சட்டென்று நிறுத்தியது இதுதான். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பவர்களிடம் போய், விடிகாலையில் அம்பாப் பாட்டைப் பதிவு செய்தீர்கள். ஒரு பெரியவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டே வாங்கிப் பாடினார்கள். காற்று இரைச்சல் தாங்காமல், உங்களில் ஒருவர் சட்டையைக் கழற்றி ரெக்கார்டரில் சுற்றினார். எல்லோருக்கும் டீ, பெரியவருக்கு 500 ரூபாய். முதல் பாகத்தில் மூழ்கிய ஊருக்குள் நுழையும்போது கேட்பது அந்தக் குரல்தான். 'நாட்டுப்பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

பாதி சரி. தலைமுறை தலைமுறையாக வருகிற, இயற்றியவர் யாரென்று தெரியாத பாட்டு பொதுச்சொத்துதான். ஆனால் அன்று காலை பாடிய அந்தக் குரல் பொதுச்சொத்து இல்லை. 38-வது பிரிவுப்படி பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, 50 வருடத்துக்கு. பெயர் சொல்லப்படும் உரிமையும் அதில் அடக்கம். அப்புறம் அந்தப் பதிவு யாருடையது என்று இன்னொரு கேள்வி. ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்ய வைத்தவரைத்தான் சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. ஏற்பாடு, வண்டி, ரெக்கார்டர் எல்லாம் உங்களுடையது என்றால் அந்தப் பதிவு உங்கள் பக்கம். காக்கா பிறகு ஸ்டூடியோவில் சுத்தம் செய்து மேலே வாத்தியம் சேர்த்த வடிவம் வேறு. ஆக, மூல ஃபைலைத் தேடி எடுங்கள். புதியவருக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும்.

பெரியவரிடம் மறுபடி போங்கள். தமிழில் அரைப்பக்கம், படித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ, சாட்சி இரண்டு. கேமில் பெயர் வரும், விற்பனையில் இத்தனை சதவீதம் வரும் என்று எழுதுங்கள். கூடப் பாடியவர்களையும் விட்டுவிட வேண்டாம். அந்தக் குரலை ஏஐ சேவையில் ஏற்றி 'இதே குரலில் இன்னொரு பாட்டு' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மனிதர் முகத்தில் பிறகு எப்படி முழிப்பீர்கள்?

காக்காவிடம் வாங்க வேண்டிய இரண்டு பக்கம்

தீம் வேண்டுமென்றால் அவரிடம் கேட்டு வாங்குவதுதான் வழி. அவர் கோபம் காசுக்கா, மரியாதைக்கா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 'வேறு ஆள் பார்க்கட்டுமா' என்று நீங்கள் கேட்டதே வாட்ஸ்அப்பில்தான். தெருவில் கூடவே வளர்ந்தவரிடம் அதை நேரில் கேட்டிருக்கலாம்.

பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எழுதாமல் விட்ட இடத்தை 19-வது பிரிவு தானே நிரப்பிக்கொள்ளும், பெரும்பாலும் உங்களுக்கு எதிராக. எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உங்கள் விற்பனையில் பாதி வெளிநாட்டிலிருந்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது செல்லாமல் போய்விடும் என்ற விதி. உங்கள் மூன்றாம் பாகம் முடிய இரண்டு வருடம் ஆகும். 'ஒரு வருட விதி இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் தப்பித்தீர்கள். அந்த வரி இல்லாத ஒப்பந்தங்கள் என் மேஜைக்கு நிறைய வந்திருக்கின்றன.

எந்தெந்த டிராக் என்று ஃபைல் பெயரோடு பட்டியல் இணையுங்கள். கேம், டிரைலர், மொபைல் வடிவம், தனி ஆல்பம் என்று பயன்பாடுகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். மெட்டை மாற்றி வேறு ஒருவர் வாசிக்க அனுமதி என்பதும் இருக்கட்டும். 57-வது பிரிவுப்படி, உரிமையை விற்றபிறகும் தன் பெயரைக் கேட்கவும் தன் படைப்பைச் சிதைத்துப் பேர் கெடுத்தால் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. 'மூலத் தீம் இசை' என்று அவர் பெயர் தனியாக வர வேண்டும், புதியவர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இல்லை.

இன்னொன்று. இரண்டாம் பாகத்தை விளையாடிக் காட்டிய யூடியூபருக்கு காப்பிரைட் கிளெய்ம் வந்தது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அநேகமாகக் காக்கா அந்த டிராக்குகளை ஏதோ ஒரு விநியோகச் சேவை மூலம் ஆல்பமாகப் போட்டிருப்பார். அவர்கள் அதை, பதிவு செய்த இசை எந்த வீடியோவில் வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் ஏற்றியிருப்பார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது, படிவத்தில் ஒரு டிக்தான். அதை எடுக்கச் சொல்லுங்கள். புதியவரின் ஒப்பந்தத்திலும் இதற்கு ஒரு வரி வையுங்கள். உங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு விளம்பரமே அந்த யூடியூபர்கள்தான்.

அவர் முடியாது என்றால்? முடியாதுதான். புதிய தீமோடு போங்கள். ராகம் உங்களுக்குத் திறந்திருக்கிறது.

இனி, மூன்றில் யார்

ரசிகர்கள் போய்விடுவார்களோ என்ற பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். 'ஃபைனல் ஃபேன்டஸி' என்ற ஜப்பானிய கேம் தொடரின் முதல் ஒன்பது பாகங்களுக்கும் 1987 முதல் 2000 வரை நோபுவோ உவேமாட்சுதான் இசை. 2004-ல் அவர் நிறுவனத்தைவிட்டு விலகினார். 12-ம் பாகத்துக்கு ஹிடோஷி சாகிமோடோ, 15-க்கு யோகோ ஷிமோமுரா, 16-க்கு மசாயோஷி சோகென் என்று கை மாறிக்கொண்டே இருந்தது, தொடர் நிற்கவில்லை. பழைய தொடக்க மெட்டும் பின்னால் வந்த பல பாகங்களில் கேட்கிறது. 'டிராகன் ஏஜ்' தொடரில் முதல் இரண்டுக்கும் இனான் சூர், 2014-ல் டிரெவர் மோரிஸ், 2024-ல் ஹான்ஸ் சிம்மரும் லார்ன் பால்ஃபும். அந்தக் கடைசி கேம் எதிர்பார்த்த அளவு ஆட்களைச் சேர்க்கவில்லை என்று நிறுவனமே சொன்னது. இசைமேல் பழி போடவில்லை. பெரிய பெயர் வந்தால் கேம் தானாக ஓடும் என்று உங்கள் நால்வரில் ஒருவர் நினைக்கிறாரே, அவருக்காகச் சொல்கிறேன்.

சென்னைக்காரரின் 'எல்லா உரிமையும்' என்ற வாக்கைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, இசையமைப்பாளரின் ராயல்டிப் பங்கு சில இடங்களில் அவரே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாதது. ஆல்பமாகப் போடுவது அதில் ஒன்று, அங்கே சரிபாதி. இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் அவர் உறுப்பினரா என்றும் கேளுங்கள். உறுப்பினர் என்றால் சில உரிமைகளை ஏற்கெனவே அந்தச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பார். உங்கள் மொத்த பட்ஜெட் 7 லட்சம் என்கிறீர்கள். அதில் 4 லட்சம் இசைக்கா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஏஐ சேவை மலிவு, உண்மை. ஆனால் 2024 ஜனவரியிலிருந்து, கேமில் ஏஐ உள்ளடக்கம் இருந்தால் சொல்ல வேண்டும் என்று ஸ்டீம் கேட்கிறது. விளையாடுபவர்கள் கண்ணுக்கும் அது படும். அப்படி வந்த மெட்டை நாளைக்கு வேறொருவர் எடுத்துக்கொண்டால், அது உங்களுடையது என்று நிரூபிப்பது இன்றைய சட்டத்தில் வழுக்குப்பாறை. அம்பாப் பாட்டுக்காக விடிகாலையில் தனுஷ்கோடி போனவர்கள் நீங்கள். இது உங்களுக்கே ஒட்டாது.

என் சாய்வு ஆசிரியை பக்கம் என்று புரிந்திருக்கும். ஆனால் அவர் அனுப்பிய டியூனைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கேம் இசை என்பது மூன்று நிமிடப் பாட்டு இல்லை. விளையாடுபவர் ஒரே தீவில் நாற்பது நிமிடம் வழி தெரியாமல் சுற்றுவார். இசை முடிகிற இடமும் தொடங்குகிற இடமும் தையல் தெரியாமல் சேர வேண்டும், காதும் அலுக்கக்கூடாது. திடீரென்று சண்டை வந்தால் மெட்டு அறுபடாமல் சூடேற வேண்டும். அதனால் அமைதி, சந்தேகம், சண்டை என்று மூன்று அடுக்குகளாக, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி இறக்கும்படி, ஒரு நிமிட லூப் ஒன்றைச் செய்து தரச் சொல்லுங்கள். கேமுக்குள் போட்டு நால்வரும் ஒரு சாயங்காலம் விளையாடுங்கள். அவருக்கு அடுக்கடுக்காகப் பிரிப்பது தெரியாவிட்டால், மெட்டு அவருடையதாகவும் பிரித்துக் கொடுக்கும் வேலை சென்னைக்காரருடையதாகவும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு 4 லட்சம் ஆகாது. சோதனைக்கு 5,000-மாவது கொடுங்கள். எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்த லூப் அவருடையது, நாங்கள் தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். அவர் தானாக அனுப்பிய முதல் டியூனுக்கும் இதே விதிதான். அரசுப் பள்ளி ஆசிரியை என்றால், வெளிவேலைக்குத் துறை அனுமதி வேண்டியிருக்கும்; அதை அவரே விசாரித்துக்கொள்ளட்டும், ஆனால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

காப்பிரைட்டை அரசிடம் பதிவு செய்வது கட்டாயமில்லை, படைத்த கணமே அது வந்துவிடும். இருந்தாலும் முக்கியமான தீமுக்கு மட்டும் பதிவு செய்துவைப்பது நல்லது, ஓர் இசைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்தான்.

பெருநாளைக்குக் காக்கா ஊருக்கு வருவார் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கே பிரியாணி சாப்பிட்ட கையோடு பத்திரத்தை நீட்டிவிடாதீர்கள். மறுநாள் காலையில் நால்வரும் போங்கள். மூன்றாம் பாகத்தின் முதல் தீவை லேப்டாப்பில் போட்டு, இசை இல்லாமல், வெறும் அலைச்சத்தத்தோடு அவர் கையில் விளையாடக் கொடுங்கள். டிராக் பட்டியல் பையிலேயே இருக்கட்டும். அவர் கேட்டபிறகு எடுத்தால் போதும்.